ஐந்தாவது ஆவணம்

"கைநாட்டு வைக்கிற வீட்டில இருந்து அப்புக்காத்து வரப்போறாவாம்."

வவுனியாப் பக்கம் எங்கள் ஊரான பூவரசங்குளத்தில் ஓர் அலுவலகத்து எழுதுவினைஞர் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னது இது. அப்புக்காத்து என்றால் சட்டத்தரணி. சட்டம் படிக்க என் பல்கலைக்கழகப் படிவத்துக்காக அப்பா தன் பெருவிரலை மையில் அழுத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அந்த மனிதர் சொன்னார். அப்பா கேட்காதவர்போல விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்தார். வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது, "அவரு சொன்னது சரிதானேம்மா, நம்ம வீட்டுல இருந்து அப்புக்காத்து வரத்தானே போகுது" என்றார். அப்பாவின் ஆட்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் அரச வங்கியின் சட்டப் பிரிவில் வேலை செய்துவிட்டு அண்மையில் விலகினேன். முப்பத்தேழு வயதில் அனுபவக் கட்டுரை எழுதுகிறாளா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பிரியாவிடை நாளில் பிரிவின் இளைய சட்டத்தரணிகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "மிஸ், அந்த வெளிநாட்டு மேசையில என்னதான் நடக்கிறது? ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லுறேல்ல. நீங்களாவது எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

படித்த காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. விடுதியில் ஆங்கிலச் சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கத்துக்கு எனக்கு ஒரு மாலை நேரம் தேவைப்பட்டது. இரண்டாம் ஆண்டில் மூன்று பக்கம் வாசித்தேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று அம்மா என் கறுப்பு அங்கியைத் தொட்டுப் பார்த்து, "இந்த வெக்கைக்கு இதையே போடுறது?" என்று கேட்டா. அவ்வளவுதான்.

வங்கியில் எனக்குக் கிடைத்த இடம், வெளிநாட்டு அரசுகள் தரும் கடன்களுக்கான ஒப்பந்தங்களைப் பேசி எழுதும் பிரிவு. ஒரு நாடு எங்கள் அரசுக்குக் கடன் தரும். அரசு அதை வங்கியிடம் கொடுக்கும். வங்கி அதைச் சிறு சிறு கடன்களாக ஊர்களுக்குக் கொடுக்கும். ஆகவே பேச்சு நடக்கும் மேசையில் இரண்டு அரசுகளின் ஆட்களோடு வங்கியின் சட்டத்தரணியும் இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்றால், இரண்டாம் வரிசையில். முதல் வரிசையில் இருப்பவர்கள் கதைப்பார்கள். இரண்டாம் வரிசையில் இருப்பவர்கள் சிறு தாளில் எழுதி முன்னால் நீட்டுவார்கள். நான் ஆறு ஆண்டுகள் தாள் நீட்டினேன்.

அந்த மேசையின் முறைகளை யாரும் சொல்லித் தருவதில்லை, பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இணங்காத வாசகத்தைச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள். அடைப்புப் போட்டவர் மறுநாள் காலைக்குள் மாற்று வாசகம் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் பழைய வாசகமே நிற்கும். எல்லா அடைப்பும் நீங்கியபின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் அமர்வார். ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர் தன் பிரதியில் விரல் வைத்துத் தொடர்வார். காற்புள்ளியையும் வாசிக்க வேண்டும். அது முடிந்தபின் இரு தூதுக்குழுத் தலைவர்களும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம் வைப்பார்கள். சுருக்கொப்பம் வைத்த பக்கம் பூட்டிய பெட்டி மாதிரி. திறக்க வேண்டுமானால் இரண்டு தலைவர்களும் இணங்க வேண்டும், திறந்ததற்கான காரணமும் அதற்குப் பொறுப்பானவரின் பெயரும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும்.

ஒருமுறை கடன் தரும் நாட்டின் தலைநகருக்குப் போயிருந்தோம். விருந்தில் பக்கத்தில் இருந்த முதிய இராஜதந்திரி என் ஊரைக் கேட்டார். வவுனியாவில் பிறந்தேன், உறவுகள் கிளிநொச்சிப் பக்கம் என்றேன். அந்தப் பெயரை அவர் செய்தியில் மட்டும் கேட்டிருந்தார். முகம் மாறியது, முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். அனுதாபம் வருகிறது என்று தெரிந்தது. "அங்கே கச்சான் மிக நன்றாக விளையும்" என்றேன், நிலக்கடலையைத்தான் சொன்னேன். அவர் சற்று விழித்துவிட்டு, எந்த மாதத்தில் விதைப்பீர்கள் என்று கேட்டார். அன்று இரவு முழுவதும் கச்சானைப் பற்றிக் கதைத்தோம். எங்கள் ஊரைத் துக்கத்தோடு மட்டும் நினைக்கும் ஆட்களிடம் வேறு ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதமே பிறகு என்னை ஒரு பிழைக்குள் இழுத்தது.

பிழையைச் சொல்லுமுன் எங்கள் சட்டப் பிரிவின் தலைவி திருமதி ரணவீரவைச் சொல்ல வேண்டும். அவர் பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். பென்சிலால் மட்டுமே எழுதுவார். ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வாசிப்பார். "முன்பக்கத்தில் எல்லோரும் நட்பாகத்தான் இருப்பார்கள். பயத்தைப் பின்னிணைப்பில் வைத்திருப்பார்கள்" என்று ஒரு தூதரக அதிகாரியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் அவர் சொல்வதெல்லாம், "திரும்ப எழுது" என்பது மட்டும். ஏன் என்று சொல்ல மாட்டார். பென்சிலால் ஒரு கோடு இருக்கும், அவ்வளவுதான்.

இனி அந்த ஒப்பந்தம். வன்னியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குத் தோட்டக் கிணற்றில் பூட்டச் சூரிய சக்தி மோட்டர் வாங்கக் கடன். வெளிநாட்டுக்காரருக்கு ஒரு பயம் இருந்தது. போருக்குப் பிறகு சனத்திடம் ஆவணம் எதுவும் இருக்காது, ஆகவே ஒவ்வொரு கடனுக்கும் அரச உத்தியோகத்தர் இருவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். அந்த நிபந்தனை நின்றால் ஒரு பெண்ணுக்கும் மோட்டர் கிடைக்காது. பிணைக்கு உத்தியோகத்தரை எங்கே தேடுவது?

நான் முன்வரிசைக்குத் தாள் நீட்டினேன். எங்கள் ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை இருக்கிறது. இடம்பெயர்ந்த காலத்தில் கையில் முதலில் எடுத்தது அதைத்தான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணப் பதிவு, காணி அனுமதிப்பத்திரம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு, பையை விட்டவர்கள் குறைவு. பதுங்குகுழிக்குள்ளும் அது போனது. ஆவணங்களைக் கேளுங்கள், பிணையைக் கைவிடுங்கள் என்று எழுதினேன். அவர்கள் இணங்கினார்கள். பட்டியலைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது.

பையின் பெருமையில் ஏழு ஆவணங்களை எழுதினேன். ஐந்தாவது இப்படி இருந்தது: விண்ணப்பதாரரின் கணவர் உயிருடன் இருப்பின் அவரது ஒப்புதல் கையெழுத்து, இல்லையெனின் அவரது மரணச் சான்றிதழ்.

திருமதி ரணவீர அந்தப் பக்கத்தில் கோடு போடவில்லை. தூதுக்குழுத் தலைவர்கள் சுருக்கொப்பம் வைத்தார்கள். பிணை நிபந்தனையை நீக்கியது என் வெற்றி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கையெழுத்து நாளுக்கு இரண்டு நாள் முன்னர், வந்த குழுவினர் ஊரைப் பார்க்க விரும்பினார்கள். அவர்களுடைய சட்டத்தரணி அன்னாவையும் இன்னும் இருவரையும் கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரத்துக்குக் கூட்டிப்போனேன். மொழிபெயர்ப்பாளரும் நான்தான். பொதுநோக்கு மண்டபத்தில் மாதர் சங்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லோர் மடியிலும் பை. அன்னா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பட்டியலைக் கொடுத்தோம். பெண்கள் வாசித்து, ஒவ்வொன்றாகப் பைக்குள் தேடி எடுத்து மடியில் அடுக்கினார்கள். மூன்றாம் வரிசையில் ஒருவர் தேடவில்லை. பட்டியலை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார். கச்சான் செய்கிற வசந்தா அக்கா என்று பிறகு தெரிந்தது.

"என்ன அக்கா, போறீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் தங்கச்சி. எனக்கு மோட்டர் வேண்டாம்."

"ஏன்? ஏதும் ஆவணம் தவறிட்டுதோ?"

"ஒண்டும் தவறேல்ல. அஞ்சாவது என்னட்ட இல்லை. இருக்கவும் போறதில்லை." அவர் குரலை உயர்த்தவில்லை. "என்ர மனுசன் உயிரோட இருக்கிறார் எண்டு கையெழுத்து வாங்க அவர் இஞ்ச இல்லை. செத்துப்போனார் எண்டு சொல்ல நான் ஆர்? எத்தினை பேர் வந்து அந்த மரணச் சான்றிதழ்த் துண்டை எடு, எடு எண்டவை. நட்டஈட்டுக் காசு தாறம் எண்டும் கேட்டவை. எடுக்கேல்ல. இனி ஒரு மோட்டருக்காக எடுக்கிறதோ?"

பக்கத்தில் இருந்த பரமேஸ் என்ற அம்மா, "எடுத்து வைச்சிருந்து அந்தாள் திரும்பி வந்தா என்ன செய்யிறது?" என்றார். "முதல் சோறு கேப்பார். பிறகு அந்தப் பேப்பரைப் பாப்பார். பிறகு வீடு ரெண்டாப் போகும்."

சில பெண்கள் சிரித்தார்கள். வசந்தா அக்காவும் சிரித்தார். "அதுவும் என்ர சமையலுக்குக் குறை சொல்லிப்போட்டுத்தான் பேப்பரைப் பாப்பார்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. மடியில் அடுக்கிய ஆவணங்களை இன்னும் நாலைந்து பேர் திரும்பப் பைக்குள் வைத்ததைக் கண்டேன்.

"இதை ஆர் தங்கச்சி எழுதினது? வெள்ளைக்காரரோ?" என்று வசந்தா அக்கா கேட்டார்.

அன்னா என் தோளைத் தொட்டு, அந்தப் பெண் என்ன கேட்கிறார் என்றார். நான் அன்னாவிடம் ஆங்கிலத்தில், இதை யார் எழுதியது என்று கேட்கிறார் என்றேன். அதற்குரிய பதிலை இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டியிருந்தது. "நான்தான் அக்கா" என்றேன். பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எந்த ஊர்?"

"பூவரசங்குளம்."

"பிறகு எப்பிடி?" என்று கேட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எப்படி என்று வாகனத்தில் கொழும்புவரை யோசித்தேன். எங்கள் வீட்டில் யாரும் போரில் காணாமற்போகவில்லை. அப்பா இருந்தார், அண்ணாமார் இருந்தார்கள். எங்கள் பையில் எல்லாம் இருந்தபடியால் எல்லோருடைய பையிலும் எல்லாம் இருக்கும் என்று எழுதிவிட்டேன். வெளியூர்க்காரர் எழுதியிருந்தால் நான் அந்த வரியைச் சந்தேகத்தோடு வாசித்திருப்பேன். என் சொந்த வரியை அப்படி வாசிக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருமதி ரணவீரவின் அறையில் நின்றேன். பக்கத்தைத் திறக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கையெழுத்து நாளைக்கு. அவர்களுடைய நிதியாண்டு இந்த வாரத்தோடு முடிகிறது. பேச்சு இழுபட்டால் இந்தப் பணம் வேறு நாட்டுக்குப் போகும். ஐந்தாவது ஆவணம் உள்ள பெண்களுக்கும் மோட்டர் கிடைக்காது. விளங்குகிறதா?"

"விளங்குகிறது, மேடம்."

"பிழை யாருடையது என்று குறிப்பில் ஏறும். உன் சேவைக் கோப்பிலும் ஏறும். பதவி உயர்வு நேர்முகத்தில் அதை வாசிப்பார்கள்."

"ஏறட்டும்."

"மாற்று வாசகம் எங்கே?"

வாகனத்தில் எழுதிய தாளை நீட்டினேன். மரணச் சான்றிதழ், அல்லது காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ், அல்லது கிராம அலுவலரின் கடிதம் என்று மூன்று வழி எழுதியிருந்தேன். அவர் பென்சிலை எடுத்து மூன்றிலும் கோடு போட்டார். இந்தமுறை ஏன் என்றும் விளங்கவைத்தார், ஆனால் கேள்விகளால்.

"கடன் வாங்குவது யார்?"

"அந்தப் பெண்."

"மோட்டர் யாருக்குச் சொந்தம்?"

"அந்தப் பெண்ணுக்கு."

"திருப்பிக் கட்டுவது?"

"அந்தப் பெண்தான்."

"அப்படியென்றால் இந்த மனிதர் ஏன் என் பட்டியலில் இருக்கிறார்?"

என் தாளைத் திரும்ப வாங்கி வாசித்தேன். ஒரு துண்டுக்குப் பதில் வேறு துண்டு கேட்டிருக்கிறேன். காணாமற்போனவருக்கான சான்றிதழையும் எடுக்க மனம் வராத பெண்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வங்கிக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. வங்கியின் பழைய படிவங்களில் கணவன் இருந்தான், ஆகவே என் பட்டியலிலும் வந்து உட்கார்ந்துவிட்டான்.

பத்து மணிக்குக் கூட்டம். திருமதி ரணவீர எழுந்து, "வங்கியின் சட்ட அலுவலர் ஒரு பிழையை விளக்குவார்" என்று சொல்லிவிட்டு, ஒலிவாங்கியைப் பின்னால் தள்ளினார். அதன் வயர் இரண்டாம் வரிசைவரை எட்டவில்லை. என் கதிரையை நானே முன்னுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

என் பெயரைச் சொன்னேன். பிழை என்னுடையது என்றேன். உயிரோடு இருக்கிறார், இறந்துவிட்டார் என்று இரண்டு கட்டம் வைத்தேன், இரண்டிலும் அடங்காத பெண்கள் எங்கள் ஊர்களில் பலர், அவர்களுக்காகத்தான் இந்தக் கடனே பேசப்பட்டது என்றேன். ஐந்தாவது ஆவணத்தை முற்றாக நீக்குமாறு கேட்டேன்.

எதிர்ப் பக்கத்தின் நிதி அதிகாரி மெலிந்த மனிதர், மரியாதையானவர். "காணி அனுமதிப்பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறது. மோட்டர் அந்தக் காணியில் நிற்கிறது. அவர் திரும்பி வந்து மோட்டர் தன்னுடையது என்றால்?"

"கிணறு காணியோடு சேர்ந்தது. மோட்டர் அப்படியல்ல, நாலு போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். கடன் முடியும்வரை அது வங்கிக்கு ஈடு. சங்கத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு நிற்பார்கள். காணியைத் தொடவே தேவையில்லை" என்றேன். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "அவர் திரும்பி வந்தால் ஐயா, உங்களுக்கு முதல் தகவல் தருவது அந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். அன்றைக்கு ஊர் முழுக்கச் சாப்பாடு. நீங்களும் வரலாம்."

திருமதி ரணவீர மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லை தாண்டிவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது அன்னா கையை உயர்த்தினார். "நேற்று நான் அந்த மண்டபத்தில் இருந்தேன்" என்றார் தன் பக்கத்தாரிடம். "பட்டியலை வாசித்தபின் ஆவணங்களைத் திரும்பப் பைக்குள் வைத்தவர்களை எண்ணினேன். நாம் யாருக்காக வந்தோமோ அவர்கள்தான் வைத்தார்கள்."

அவர்கள் தங்கள் தலைநகரத்தோடு கதைக்க வேண்டும் என்றார்கள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பிற்பகல் மூன்று மணிவரை நடைபாதையில் நின்றேன். தேநீர் வந்தது, குடிக்க முடியவில்லை. கடன் முழுவதும் போய்விட்டால், ஸ்கந்தபுரத்தில் ஆவணங்களை மடியில் அடுக்கி வைத்திருந்த மற்றப் பெண்களிடம் என்ன சொல்வேன் என்பது மட்டுமே மனதில் ஓடியது.

மூன்று மணிக்கு அவர்களுடைய தலைவர் வந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தை எடுத்து, ஐந்தாவது வரியைக் குறுக்கே வெட்டி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து எங்கள் பக்கம் தள்ளினார். எங்கள் தலைவரும் வைத்தார். நான் இலக்கங்களை மாற்றலாமா என்று கேட்டேன். திருமதி ரணவீர வேண்டாம் என்றார். இலக்கம் மாற்றினால் வேறு பக்கங்களில் வரும் குறிப்புகள் பிசகும், ஆகவே வெட்டிய இடத்தை அப்படியே விடுவது வழக்கம். இன்றும் அந்த ஒப்பந்தத்தில் நான்குக்குப் பிறகு, ஐந்து, நீக்கப்பட்டது என்றுதான் இருக்கிறது. கூட்டக் குறிப்பில் என் பெயரும் இருக்கிறது. பதவி உயர்வு நேர்முகத்தில் அதைக் கேட்டார்கள். விளக்கினேன். ஒரு வருடம் பிந்தித்தான் உயர்வு வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை.

வசந்தா அக்காவைத் தேடி நானே ஸ்கந்தபுரம் போனேன். புதிய பட்டியலைக் கொடுத்தேன். விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு ஐந்தாவதுக்கு வந்தார்.

"இதில ஒண்டும் இல்லையே."

"ஓம். எடுத்துப்போட்டம்."

"சும்மா எடுத்தவங்களோ?"

"சும்மா இல்லை. கொஞ்சம் கதைச்சனான்."

"கதைக்கக்கூடிய ஆள்தான்" என்றார். குசினிக்குள் போய்த் தேநீர் கொண்டுவந்தார். இந்தமுறை குடித்தேன்.

மோட்டர் பூட்டி இரண்டு போகம் கச்சான் எடுத்தபின் ஒருநாள் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. கடன் ஒழுங்காகக் கட்டுகிறார். பிரச்சினை காணி. அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்து நிரந்தர உரிமைப் பத்திரமாக மாற்றக் கேட்டிருக்கிறார். அலுவலகத்தில், பத்திரக்காரரான கணவர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்களாம். வங்கிப் பட்டியலிலிருந்து நான் எடுத்தது காணிச் சட்டத்தில் அப்படியே இருந்தது.

"தங்கச்சி, அந்த மேசையில கதைச்ச மாதிரி இதையும் ஒருக்கால் கதைச்சுப் பாப்பமோ?" என்று கேட்டார்.

வங்கியின் சட்டத்தரணி வங்கிக்காக மட்டுமே வாதாடலாம். வாடிக்கையாளரின் காணிக்காக ஒரு கடிதம்கூட எழுத முடியாது. வேலையை விடப்போகிறேன் என்று திருமதி ரணவீரவிடம் சொன்னேன். அவர் என் விலகல் கடிதத்தை வாசித்து, பென்சிலால் ஒரு கோடும் போடாமல் திருப்பித் தந்தார். பன்னிரண்டு ஆண்டில் அந்தப் பட்டியலையும் இதையும் மட்டும்தான் அவர் அப்படி விட்டார்.

இளையவர்களே, இந்த வேலைக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எழுதியதை வாசிக்கும்போது, இந்தத் தாளைக் கையில் வாங்கப்போகும் ஒரு முகத்தை நினைத்து வாசியுங்கள். அதுவும் நீங்கள் நன்றாக அறிந்த ஊர் என்றால் இரண்டு தடவை வாசியுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கிளிநொச்சியில் ஒரு சிறிய அறை எடுத்திருக்கிறேன். மேசையும் மூன்று கதிரைகளும் ஓர் அலுமாரியும் இருக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை வசந்தா அக்காவும், அவரைப் போலவே அனுமதிப்பத்திரம் முடங்கிய இன்னும் பதினொரு பெண்களும் வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மேன்முறையீடாகத் தயாரித்தேன். கணவர் பெயருக்கு எதிரே, குடும்பத்தாரால் தேடப்பட்டு வருகிறார் என்று எழுதினேன். ஒவ்வொருவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர்கள் கையெழுத்து வைத்தார்கள், இரண்டு பேர் பெருவிரல் வைத்தார்கள். புதன்கிழமை காலை காணி ஆணையாளரின் அலுவலகத்தில் கையளித்தேன். விசாரணைக்குத் திகதி தந்திருக்கிறார்கள்.